தொட்டில் விளம்பரம் வீட்டுக்குள் எப்படி வந்தது?

4 ஜூன் 2025, ஒரு வாசகர் கேட்டது

"விளம்பரக் கண்காணிப்பு, தனியுரிமை என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள். ஷூ தேடினால் ஷூ விளம்பரம் வருகிறது, அவ்வளவுதானே? சம்பந்தமில்லாததைக் காட்டுவதைவிட இது மேல். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உருப்படியாக ஒரு காரணம் சொல்லுங்கள்."

4 ஜூன் 2025, இரவு 11.10

சொல்கிறேன். தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாத, மத்தது எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. போன பொங்கல் கழிந்த வாரம் தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் கரு தங்காமல் போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வளைகாப்புக்கென்று அம்மா எடுத்துவைத்திருந்த பட்டுப்புடவை பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. வருகிற சொந்தக்காரர்கள்கூட மழை, கரண்ட் பில் என்று வேறு எதையாவது பேசிவிட்டுப் போகிறார்கள்.

ஃபோன் மட்டும் நிறுத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பூண்டு உரித்துக்கொண்டே சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தங்கை. வீடியோ நடுவில் தொட்டில் விளம்பரம் வந்தது. ஸ்கிப் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, பூண்டுத்தோல் ஒட்டிய கையாலேயே ஃபோனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். கவிழ்ந்த ஃபோனிலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குழந்தை சிரிக்கிற சத்தம்.

அப்புறம் அடுப்படியில் வைத்து என்னிடம் கேட்டாள்: "ஏய்யா, இவனுக்கு எப்படிய்யா தெரியும்?"

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டிலும் மறைக்க எதுவும் இல்லை, தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஆனால் துக்கம் நடந்த வீட்டு வாசலில் நின்று தொட்டில் வேண்டுமா என்று கூவ எந்த வியாபாரிக்கும் மனசு வராது. இங்கே நாலு மாதமாக அதுதான் நடக்கிறது.

5 ஜூன் 2025, காலை

ஃபோன் ஒட்டுக்கேட்கிறது, வேறு எதுவும் இல்லை. அம்மா இந்த விஷயத்தைச் சித்தியிடம் வாரக்கணக்கில் ஃபோனில் பேசியிருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூட எதையும் தேடியதில்லை. எல்லா ஆப்பிலும் மைக் அனுமதியை எடுத்துவிட்டேன்.

7 ஜூன் 2025

மேலே எழுதியது தப்பு. கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ஒரு ஆப்கூட ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பியதாக அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சில ஆப்கள் நாம் திரையில் செய்வதைப் படமாகவும் வீடியோவாகவும் எடுத்து வெளி நிறுவனத்துக்கு அனுப்பியது தெரியவந்தது. நம் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே விளம்பர நிறுவனங்களுக்கு இல்லை. நாம் தேடுவது, பார்ப்பது, வாங்குவது, ஒரு பக்கத்தில் எத்தனை நொடி நிற்கிறோம் என்பது எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் காரணத்தை நேற்று ராத்திரி கண்டுபிடித்தேன். அம்மாவுக்கு இந்த ஃபோனை வாங்கியபோது தங்கைதான் உட்கார்ந்து செட் பண்ணிக் கொடுத்திருக்கிறாள், தன் ஜிமெயிலையே போட்டு. அதை எல்லோரும் மறந்துவிட்டோம். எத்தனையாவது வாரத்தில் குழந்தை எவ்வளவு பெரிது, வாந்தி நிற்க என்ன சாப்பிடலாம், குங்குமப்பூ எப்போது குடிக்கலாம் என்று அவள் தேடியதெல்லாம் ஒரே கணக்கு வழியாக அம்மா ஃபோனுக்கு வந்திருக்கிறது. கணக்கு வேறாக இருந்திருந்தாலும் வீட்டு வைஃபை ஒன்றுதான். வெளியே பார்க்கிறவர்களுக்கு எங்கள் நாலு ஃபோனும் ஒரே முகவரியிலிருந்துதான் போகின்றன. ஒரு வீட்டில் ஒருவர் தேடினால் மற்றவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடுவது விளம்பரத் தொழிலில் சாதாரணம்.

8 ஜூன் 2025

"ஒரு பக்கம் திறக்கிற நேரத்துக்குள் எப்படி எனக்கென்று விளம்பரம் முடிவாகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஏலம். ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள், அங்கே ஒரு விளம்பர இடம் காலியாக இருக்கிறது. உடனே உங்கள் இருப்பிடம், ஃபோன் மாடல், விளம்பர ஐடி அல்லது குக்கி (உங்களை அடையாளம் காட்ட ஃபோனிலோ பிரவுசரிலோ இருக்கிற ஒரு குறி), என்ன பக்கம் படிக்கிறீர்கள் என்ற விவரம் எல்லாம் ஏலம் கேட்கிற நிறுவனங்களுக்குப் போகிறது. அவை தங்களிடம் உள்ள பழைய விவரத்தோடு பொருத்திப் பார்த்து விலை சொல்கின்றன, அதிக விலை சொன்னவரின் விளம்பரம் வருகிறது. எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஒருவர்தான் ஜெயிக்கிறார், ஆனால் தோற்றவர்கள் கையிலும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த இடம்தான். அயர்லாந்தின் சிவில் உரிமை அமைப்பு ஒன்று 2022இல் வெளியிட்ட அறிக்கையில், சராசரியாக ஓர் ஐரோப்பியரின் விவரம் இப்படி ஒரு நாளைக்கு 376 தடவையும் அமெரிக்கரின் விவரம் 747 தடவையும் ஏலத்துக்குப் போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள்.

12 ஜூன் 2025

இன்காக்னிட்டோவில் தேடினால் போதுமே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். போதாது. இன்காக்னிட்டோ உங்கள் ஃபோனில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும், உங்கள் ஃபோனை எடுத்துப் பார்க்கிற வீட்டு ஆட்களிடமிருந்து காக்கும், அவ்வளவுதான். போகிற தளத்துக்கு நீங்கள் வந்தது தெரியும். இதற்காகவே அமெரிக்காவில் கூகுள் மேல் 2020இல் ஒரு வழக்கு போட்டார்கள். 2024இல் சமரசத்துக்கு வந்து, சேர்த்துவைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்த மாதம் 3ஆம் தேதி வெளியான விஷயம் இதைவிட மோசம். ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டுபிடித்தது. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் ஃபோனுக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. நீங்கள் பிரவுசரில், அந்த இரண்டு ஆப்களின் நிறுவனமான மெட்டாவின் கண்காணிப்புத் துணுக்கு உள்ள ஏதாவது தளத்துக்குப் போனால், அந்தத் துணுக்கு பிரவுசருக்குள்ளிருந்தே அந்தக் கதவு வழியாக ஆப்புக்குத் தகவல் கொடுத்துவிடும். ஆப்பில் நீங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறீர்கள். குக்கியை அழித்தாலும் சரி, இன்காக்னிட்டோ போனாலும் சரி, யார் பார்த்தது என்று தெரிந்துவிடும். 2024 செப்டம்பரிலிருந்து இப்படி நடந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்த அன்றைக்கே மெட்டா நிறுத்திவிட்டது. ரஷ்யாவின் யான்டெக்ஸ் இதே மாதிரி வேலையை 2017இலிருந்து செய்துவந்திருக்கிறது.

பெயர் தெரியக்கூடாது என்று ஒருத்தி வேண்டுமென்றே இன்காக்னிட்டோ திறந்து ஒரு வைத்திய விஷயத்தைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அவள் வாய்விட்டுச் சொன்ன மாதிரிதானே அது? அதையும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

15 ஜூன் 2025, மதியம்

முதல் நாள் எழுதாமல் விட்ட ஒன்று. தங்கைக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி ஜூன் முதல் வாரம். 3ஆம் தேதி காலை அவள் ஃபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி: "வாழ்த்துகள் அம்மா! உங்கள் செல்லத்தின் முதல் வாரத்துக்கு 20% தள்ளுபடி." அனுப்பியது ஒரு குழந்தைப் பொருள் நிறுவனம். அந்தக் கடையில் அவள் எதுவும் வாங்கியதே இல்லை. கர்ப்ப வாரங்களை எண்ணிச் சொல்கிற ஒரு ஆப்பில் கடைசி மாதவிடாய்த் தேதியும் ஃபோன் நம்பரும் கொடுத்திருந்தாள். ஜனவரியில் அந்த ஆப்பை நீக்கிவிட்டாள். ஆப்பை நீக்கினால் ஃபோனிலிருந்துதான் போகும், அவர்களிடம் உள்ள கணக்கு அப்படியே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே அன்றுதான் உறைத்தது.

இன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அவள் ஃபேஸ்புக் கணக்கைத் திறந்தோம். அக்கவுன்ட்ஸ் சென்டருக்குள், "மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு" என்கிற பொருளில் ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் வேறு தளங்களிலும் ஆப்களிலும் செய்தவற்றை யார் யார் மெட்டாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்ற பட்டியல். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மருந்து விற்கிற தளம், துணிக்கடை, ஒரு லோன் ஆப், அவள் ஒரே ஒரு தடவை பார்த்த வேலைவாய்ப்புத் தளம். அந்தக் கர்ப்ப ஆப்பும் இருந்தது. தங்கை அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் உங்கிட்டகூட நாலாம் மாசம்தான சொன்னேன்" என்றாள்.

பட்டியலை அழித்துவிட்டு, இனிமேல் சேர்க்காதே என்பதையும் அவளே அழுத்தினாள்.

15 ஜூன் 2025, இரவு

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. வாஷிங்டன் போஸ்ட்டில் வேலை பார்த்த ஜில்லியன் பிராக்கெல் என்ற பெண்ணுக்கு 2018இல் குழந்தை இறந்து பிறந்தது. விளம்பரங்கள் நிற்கவில்லை. "இந்த விளம்பரம் வேண்டாம்" என்று அழுத்தியிருக்கிறார், உடனே குழந்தை பிறந்துவிட்டது என்று முடிவுகட்டி, பாலூட்டும் தாய்க்கான உள்ளாடை விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. நான் கர்ப்பம் என்று கண்டுபிடிக்கிற அளவுக்குத் திறமை இருந்தால் என் குழந்தை இறந்ததையும் கண்டுபிடித்து விளம்பரத்தை நிறுத்தத் தெரிய வேண்டாமா என்று அந்த நிறுவனங்களுக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். ஏழு வருஷம் ஆகப்போகிறது.

22 ஜூன் 2025

என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, அம்மா ஃபோனில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மொத்தம் முக்கால் மணி நேரம், அதில் பாதி நேரம் பாஸ்வேர்டு தேடியது.

முதலில் தங்கையின் கணக்கை எடுத்துவிட்டு அம்மாவுக்குத் தனிக் கணக்கு. அப்புறம் செட்டிங்ஸில் கூகுள் போய், ஆட்ஸ் என்பதற்குள் விளம்பர ஐடியை அழிப்பது. அழித்தபின் எந்த ஆப் கேட்டாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். கூகுள் கணக்கில் மை ஆட் சென்டர் என்று இருக்கிறது, அதில் தனிப்பட்ட விளம்பரங்களை ஒரேயடியாக நிறுத்தலாம். தங்கை கணக்கிலும் நிறுத்தினோம். அங்கேயே மது, சூதாட்டம், உடல் எடை குறைப்பு போலக் கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும் என்று ஒரு தலைப்பைத் தனியாகக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மற்றதெல்லாம் கிடக்கட்டும், இப்படி ஒரு இழப்பு நடந்த வீட்டில் முதலில் அதைப் போய் அழுத்துங்கள். தேடல் வரலாறும் யூடியூப் வரலாறும் மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் தானாக அழியும்படி வைத்தேன்.

பிரவுசர்: ஃபயர்பாக்ஸ் போட்டு அதில் விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் என்ற இணைப்பைச் சேர்த்தேன். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் அது முழுசாக வேலை செய்யும். கம்ப்யூட்டர் குரோமில் இப்போது அதன் குறைந்த வடிவம்தான் கிடைக்கிறது, குரோம் தன் விதிகளை மாற்றிவிட்டது. வெளித்தளங்களின் குக்கியை இரண்டு வருஷத்தில் நிறுத்துகிறோம் என்று 2020 ஜனவரியில் சொன்ன கூகுள், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்த எண்ணத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020லேயே நிறுத்திவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கிற நிறுவனத்தின் பிரவுசரிடம் விளம்பரக் கண்காணிப்பைத் தடு என்று எதிர்பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் பின்தொடரலாமா என்று கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ஒரு கேள்வியால் 2022இல் தங்களுக்கு 1,000 கோடி டாலர் அளவுக்கு வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. கேட்டால் ஜனங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

3 ஜூலை 2025

பிரைவேட் டிஎன்எஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்கிற இணைய டைரக்டரி மாதிரி. ஃபோனின் நெட்வொர்க் செட்டிங்ஸில் விளம்பரத்தை வடிகட்டுகிற ஒரு டிஎன்எஸ் பெயரைக் கொடுத்துவிட்டால், ஆப்களுக்குள் வருகிற விளம்பரமும் கண்காணிப்பும்கூடப் பெருமளவு குறையும். ஆட்கார்ட் என்ற விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, இலவசம். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது, வீடியோ வருகிற இடத்திலிருந்தே அதுவும் வருகிறது.

இரண்டு நாளில் ஒரு தொல்லை. மதுரையில் ஒரு லாட்ஜின் வைஃபை சேரவே இல்லை, லாகின் பக்கம் திறக்கவில்லை. டிஎன்எஸ்ஸை ஆஃப் செய்து, லாகின் ஆகி, திரும்ப ஆன் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவால் அதெல்லாம் முடியாது, ஆனால் அம்மா லாட்ஜுக்குப் போவதும் இல்லை. அவள் ஃபோனில் விட்டுவைத்திருக்கிறேன்.

19 ஜூலை 2025

விளம்பர ஐடியை அழித்தால் முடிந்தது என்கிற தொனியில் மேலே எழுதியிருக்கிறேன், அதைத் திருத்த வேண்டும். நம் ஊரில் உண்மையான ஐடி ஃபோன் நம்பர்தான். ஐடியை மாற்றலாம், குக்கியை அழிக்கலாம், நம்பரை யார் மாற்றுகிறார்கள்? பேங்க், ஆதார், கேஸ், ஸ்கூல் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடையில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள், யோசிக்காமல் சொல்கிறோம். அந்தக் கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு பெரிய விளம்பரத் தளத்தில் ஏற்றலாம். தளம் தன்னிடம் உள்ள நம்பர்களோடு பொருத்தி, இன்னார் இங்கே வாங்கியவர் என்று கண்டுபிடித்து விளம்பரம் காட்டும். ஏற்றுவதற்கு முன் நம்பரைச் சங்கேதமாக, அதாவது ஹாஷாக, மாற்றிவிடுகிறோம், அதனால் பாதுகாப்பு என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியம். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒரு அட்டவணை செய்துவைக்க இன்றைய சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அதிக நேரம் ஆகாது. அட்டவணை கையில் இருந்தால் எந்த ஹாஷையும் திருப்பி நம்பராக்கிவிடலாம்.

நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர் கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள். மெசேஜ் தொல்லை வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம், தங்கைக்குச் செய்து கொடுத்தேன்.

6 ஆகஸ்ட் 2025

ஃப்ளோ என்கிற மாதவிடாய் ஆப் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. பெண்கள் அதில் பதிந்த விவரங்கள் ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் போவதை 2019இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. 2021இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு ஃப்ளோ சமரசம் செய்துகொண்டது. இப்போது சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் குழு, கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்தை மெட்டா மீறியது என்று சொல்லியிருக்கிறது. மெட்டா இதை ஏற்கவில்லை.

தங்கைக்கு அனுப்பினேன். "அப்ப நான் லூசு இல்ல" என்று பதில் வந்தது. ஜூன் மாதம் பூராவும் நான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று அவள் தன்னையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

20 நவம்பர் 2025

நம் நாட்டுச் சட்டம் பற்றி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டில். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023 ஆகஸ்டில். அதன் விதிகள் இந்த மாதம்தான் வெளியாகின, அதிலும் நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் 18 மாதம், அதாவது 2027 மே.

சட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கண்காணிக்கவும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. பெரியவர்கள் விஷயத்தில் அப்படித் தடை இல்லை, சம்மதம் வாங்கினால் போதும். அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவசரத்தில் ஒரு பொத்தானைத் தட்டவைத்து வாங்குகிறார்கள். உடல்நலம், கர்ப்பம், கடன் இந்த மூன்றிலாவது விளம்பரத்துக்காகக் கண்காணிப்பதைப் பெரியவர்களுக்கும் தடை செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கர்ப்ப ஆப்புக்கு, கணக்கையும் தரவையும் அழியுங்கள் என்று தங்கை ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என இரண்டு மெயில் அனுப்பிவிட்டாள். முதலாவதற்குத் தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அழித்துவிட்டோம் என்று ஒரு வரி. இரண்டு மெயிலையும் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறோம், 2027இல் கேட்க வேண்டி வந்தால் கேட்போம்.

14 டிசம்பர் 2025

நிலவரம் கேட்டவர்களுக்கு: அம்மா ஃபோனில் விளம்பரம் வருகிறது, நிற்கவில்லை. சிமென்ட், ரெடிமேட் சப்பாத்தி, யாரோ ஒரு ஜோசியர். ஆறு மாதமாகத் தொட்டில் வரவில்லை. தங்கை ஃபோனுக்கு அக்டோபரில் ஒரு தடுப்பூசி ஞாபக மெசேஜ் மட்டும் வந்தது, எங்கிருந்து என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று டவுனில் பாத்திரக்கடையில் அம்மாவோடு நின்றேன். ஒரு இட்லிக் கொப்பரை எடுத்தாள். கவுன்ட்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நம்பர் சொல்லுங்கம்மா" என்றான்.

"நம்பர் எதுக்குய்யா? ரூவா இந்தா இருக்கு, பில்லக் குடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து பூஜ்யத்தைத் தட்டிவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தான்.